விரதத்தைப் பாதியில் விடுவதில்லை

தங்கை மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில் வந்து சேர்ந்த பிரசாதங்களை வைக்க எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இடம் போதவில்லை. திருவதிகைத் திருநீறு, வில்லியனூர் மாதா கோயிலிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர், நாகூரில் ஓதிக் கட்டிய கயிறு, வேளாங்கண்ணி எண்ணெய், மயிலத்து முருகன் காலடியில் வைத்த எலுமிச்சம்பழம். கடலூரில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அக்கம்பக்கத்தார் எல்லாச் சாமிகளுக்கும் தகவல் சொல்லிவிடுவார்கள்.

குழந்தைக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. கால் வலிக்கிறது, தூக்கிக்கொள் என்பாள். வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் வலிக்கும் என்றார்கள். மழைக்காலம், பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டுகளும் குறைந்திருந்தன. டெங்குவாக இருக்கும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் முகம் வெளிறியே இருந்தது. எங்கும் அடிபடாமலே தொடையில் கன்றிப்போன நீலம். ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பரிசோதனைக்கூடப் பெண்தான் முதலில் சந்தேகப்பட்டார். அன்று மாலையே கடிதம் கொடுத்துப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் நோயின் பெயர் தெரிந்தது: அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. ஏ.எல்.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். குணமாகும் வாய்ப்பு நன்றாக இருப்பவற்றில் இதுவும் ஒன்று. மருத்துவர் இரண்டையும்தான் சொன்னார். தங்கையின் காதில் முதல் பாதி மட்டுமே விழுந்தது.

எங்கள் குடும்பத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அம்மா பாடலீஸ்வரரைக் கும்பிடாமல் காலைக் காப்பி குடிக்க மாட்டார். மாப்பிள்ளை கறுப்புச் சட்டைக் குடும்பத்தில் பிறந்தவர். மனைவி கோயிலுக்குள் போனால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பார். தங்கை இருவருக்கும் நடுவில். நான் தாய்மாமன். மொட்டை அடிக்கவும் காது குத்தவும் மடி கொடுக்க வேண்டியவன், எனவே ஆஸ்பத்திரிக்கும் நான்தான்.

வெளியூர் அனுப்பி வைத்தியம் பார்ப்பதற்கு முன், வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஒரு மண்டலம் பூஜை செய்து பார்க்கலாமே என்று உறவில் ஒரு பெரியவர் சொன்னார். அம்மா சம்மதித்துவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் நடுக்கம். அவரோ திருநாவுக்கரசர் கதையை எடுத்தார். எங்கள் பக்கத்தில் அதை அறியாதவர் இல்லை. சூலை நோயில் துடித்தவர் அக்காவுக்குச் சொல்லி அனுப்புகிறார். திலகவதியார் அந்த மடத்துக்கு நான் வர மாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். நாவுக்கரசர்தான் இரவோடு இரவாகக் கிளம்பித் திருவதிகைக்குப் போய்த் திருநீறு வாங்கிக்கொள்கிறார். அவர் அப்போது தங்கியிருந்த சமணர் மடம் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான் இருந்தது என்பார்கள். “நம் ஊரை விட்டுப் போய்த்தானே அவருக்கே வலி தீர்ந்தது? மருந்து இருக்கும் இடத்துக்கு நோயாளிதான் போக வேண்டும்” என்றார் அம்மா. பெரியவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

முதல் மாதம் கடுமை. ஸ்டீராய்டு மாத்திரையால் குழந்தையின் முகம் உப்பிப்போனது. நள்ளிரவில் எழுந்து சோறு கேட்பாள், கொடுக்கத் தாமதமானால் தட்டை எறிவாள். வாரந்தோறும் வின்கிரிஸ்டின் ஊசி. முதுகுத்தண்டு நீரிலும் மருந்து செலுத்தினார்கள். வெள்ளையணுக்கள் தரைமட்டத்துக்கு இறங்கியபோது, அலமாரியில் இருந்த பிரசாதங்களுக்கு வார்டு சிஸ்டரிடம் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. திருநீறு நெற்றியில் பூசலாம், வாயில் போடக் கூடாது. தீர்த்தம் எந்தக் கோயிலுடையதானாலும் உள்ளே போகக் கூடாது; கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டும். படுக்கை அருகே பூ வேண்டாம். எண்ணெய்யும் கயிறும் வீட்டிலேயே இருக்கட்டும். அந்த சிஸ்டர் கழுத்தில் சிலுவை போட்டிருந்தவர். மாதா கோயில் நீருக்கும் அவர் சலுகை காட்டவில்லை என்பதில் அம்மாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

ரத்தத் தட்டுகள் தேவைப்பட்டபோது மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்தார்கள். தட்டுகளை ஐந்து நாள்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. அதனால் ஒரேயடியாக எல்லோரும் வந்து கொடுத்துவிட்டுப் போக முடியாது, முறை வைத்துக்கொண்டு வர வேண்டும். தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் பையன்களும் பள்ளிவாசல் தெருப் பையன்களும் மாறி மாறி இயந்திரத்தின் பக்கத்தில் கையை நீட்டிப் படுத்திருந்தார்கள்.

அந்த மாதத்தின் முடிவில் மஜ்ஜையில் புற்றணுக்கள் தென்படவில்லை. ரெமிஷன், அதாவது நோய் அடங்கிய நிலை என்றார்கள். ஆபத்து இங்கேதான் ஆரம்பித்தது என்பேன். வேண்டுதல் பலித்துவிட்டது, இனி எதற்குப் பிள்ளையை வதைக்கிறீர்கள் என்று போன் மேல் போன். முடி உதிர்ந்து, வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்த குழந்தையைப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தோன்றியது. மருத்துவர் உட்காரவைத்து விளக்கினார். நோய் தெரியவரும்போது உடலில் லட்சம் கோடி அளவில் இருக்கும் புற்றணுக்கள், ரெமிஷன் வந்த பிறகும் ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்கலாம், மைக்ராஸ்கோப்பில் தெரியாது. இப்போது நிறுத்தினால் திரும்பி வந்துவிடும். அடுத்தடுத்த கட்டங்கள் உண்டு, கடைசிக் கட்டம் மட்டுமே ஏறக்குறைய இரண்டு ஆண்டு.

இரண்டு ஆண்டு என்றதும் தங்கை அழுதாள். அம்மாதான் கேட்டார்: “மாலை போட்டவன் பம்பை வரைக்கும் போய்விட்டு, மலை தெரிகிறதே போதும் என்று திரும்பி வருவானா?” எங்கள் வீட்டில் சிகிச்சை நிற்காமல் நடந்ததற்கு இந்த ஒரு கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குக் கீமோதெரபி புரியவில்லை, விரதம் புரியும். விரதத்தில் பலன் தெரிகிறதா என்று நடுவில் சோதிப்பதில்லை, அலுத்துவிட்டது என்று நிறுத்துவதும் இல்லை.

மெயின்டனன்ஸ் எனப்படும் அந்தக் கடைசிக் கட்டத்தில் மெர்காப்டோபியூரின் தினமும் இரவில். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு முறை. அதை மறதியாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை எங்களிடமே விட்டார்கள். அம்மா வெள்ளிக்கிழமையைச் சொன்னார். விளக்கேற்றி முடித்ததும் மாத்திரை. வெள்ளிக்கிழமையை அவர் வாழ்நாளில் மறந்ததில்லை. மாப்பிள்ளை தம் பங்குக்கு ஒரு நீள நோட்டில் தேதி, அணுக்களின் எண்ணிக்கை, அதற்கேற்ப மாறும் மாத்திரை அளவு எல்லாவற்றையும் எழுதிவந்தார். பூஜை அலமாரியில்தான் அந்த நோட்டும் இருக்கும், கறுப்புச் சட்டைக்காரரின் அனுமதியுடன்.

காய்ச்சலுக்கு மட்டும் எந்தச் சாமிக்காகவும் காத்திருக்காத ஒரு விதி வைத்திருந்தோம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்பதில்லை, விடியட்டும் என்று இருப்பதில்லை. பை வாசலிலேயே தயாராக இருக்கும், கிளம்பிவிடுவோம். கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், நகரைத் தாண்டிக் கோரிமேடு. பஸ் நெரிசலில் அவளைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் எதிர்வீட்டுக்காரர் தம் காரின் சாவியை எங்களிடமே கொடுத்து வைத்திருந்தார்.

பங்குனி வெயிலில் ஒரு காலை அடுத்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைத் தங்கை பார்த்தாள். அந்த வீட்டுப் பையனுக்கு அம்மை. முந்தின நாள்தான் இருவரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார்கள். இந்தச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போய்விடலாம். அம்மை உள்ளவரோடு பழகியது தெரிந்தால் உடனே வரவேண்டும், முதல் சில நாள்களுக்குள் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போன் செய்ததும் கிளம்பச் சொன்னார்கள்.

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் நோய் தெரிந்த நாளில்கூடப் பார்க்கவில்லை. எங்கள் வழக்கத்தில் அம்மை என்பது நோயல்ல, ஆத்தா வருகிறாள். வந்தவளை மருந்து கொடுத்து விரட்டுவது அபசாரம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வேப்பிலை, மஞ்சள், இளநீர், அவ்வளவுதான். இன்னும் வராதவளை வாசலிலேயே மறிப்பது அதைவிடப் பெரிய குற்றமாக அவருக்குப் பட்டது. நான் வாதாடத் தயாரானேன். மாப்பிள்ளை முந்திக்கொண்டார். “அத்தை, நீங்கள் கோயிலுக்குப் போய் ஆத்தாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்குள் நான் காரை எடுக்கிறேன்.” பகுத்தறிவு பேசுகிறவர் ஒருவர் என் முன்னால் செய்த மிக நல்ல காரியம் அது.

அம்மா தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தார். என்ன சொன்னீர்கள் என்று வழியில் கேட்டேன். கோபம் இருந்தால் என்மேல் காட்டு, நான் கிழவி, தாங்குவேன். பிள்ளை மருந்து சாப்பிடுகிறாள் என்று சொன்னாராம். மூன்று வாரம் உடம்பெல்லாம் தேடினோம், ஒரு கொப்புளம் இல்லை. மருந்து வேலை செய்தது என்று நோட்டில் எழுதினார் மாப்பிள்ளை. ஆடியில் கூழ் ஊற்றினார் அம்மா. யார் சொல்வது சரி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. உங்கள் பிரார்த்தனைதான் காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறேன். முதல் மாதத்தில் எங்கள் பக்கத்துப் படுக்கையில் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். அவன் தாய் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக வேண்டிக்கொண்டவர். மண் சோறு சாப்பிட்டார், கால் நோக நடந்தார். கிருமித் தொற்றில் பையன் போய்விட்டான். அந்தத் தாயின் வேண்டுதலில் என்ன குறை கண்டார்கள் என்று சொல்லட்டும். அம்மாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பதில் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை விளக்கில் அந்தப் பையனின் பெயரையும் சொல்லத் தொடங்கினார்.

மருந்து நிறுத்தி இப்போது ஓராண்டு தாண்டிவிட்டது. பரிசோதனைக்குப் போய்வருகிறோம். பாக்கி ஒன்றுதான் இருந்தது. குணமானால் திருவந்திபுரத்தில் பேத்திக்கு மொட்டை என்று அம்மா ஆரம்பத்திலேயே வேண்டியிருந்தார். பேத்தி மறுத்துவிட்டாள். ஒருமுறை போனது போதும், இது நானே வளர்த்த முடி, பெருமாளுக்குத் தர மாட்டேன் என்று நாலு தெருவுக்குக் கேட்கக் கத்தினாள். என் மடி காத்திருந்தது வீண். சில வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அம்மா தம் தலையையே கொடுத்துவிட்டு மலையிறங்கினார். முடிகாணிக்கைச் சீட்டுக்கு வரிசையில் நின்று பணம் கட்டியவர் மாப்பிள்ளை. உள்ளே மட்டும் அவர் வரவில்லை.