தம்பி, மாத்திரை, நான்

ஜனவரி 9

காலைல ஏழு மணிக்கே கிளினிக் வாசல்ல உக்காந்தாச்சு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு தம்பி கடைசியா போதை மருந்து எடுத்தது, அதுக்கப்புறம் எதையும் தொடக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. கொட்டாவி மேல கொட்டாவி விடுறான், மூக்கு ஒழுகுது, கை ரோமம் எல்லாம் குத்திட்டு நிக்குது, உக்காரவும் முடியல நிக்கவும் முடியல. எனக்கு பாக்க முடியாம நர்ஸ் கிட்ட போய் போதைய விடறதுக்கான அந்த மாத்திரைய இப்பவே குடுத்துடுங்களேன்னு கெஞ்சினேன். அவங்க அசையல. ஒரு தாள்ல பதினொரு விஷயம் இருக்கு, நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணி எவ்ளோ விரிஞ்சிருக்கு, எலும்பு வலி, நடுக்கம், கொட்டாவி கூட அதுல ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு கூட்டுறாங்க. மார்க் பத்தலன்னா மாத்திரை கிடையாது. ஸ்கூல்ல படிக்கறப்ப கூட இவனுக்கு மார்க் ஏறணும்னு நான் இப்படி வேண்டினதில்ல.

ஏன் காத்திருக்கணும்னு டாக்டர் அப்புறம் உக்கார வெச்சு சொன்னாங்க. மூளைல ஓபியாய்டு (ஹெராயின், சில வலி மாத்திரை மாதிரி வகை) போய் ஒட்டிக்கிற இடம்னு ஒண்ணு இருக்கு, புப்ரனார்ஃபின்ங்கற இந்த மாத்திரை வந்தா அங்க ஏற்கனவே இருக்கறத தள்ளிவிட்டுட்டு தான் உக்காந்துக்கும், ஆனா வேலை மட்டும் பாதி தான் பண்ணும். பழைய சரக்கு உடம்புல இருக்கும்போதே குடுத்தா வித்ட்ராயல், அதாவது போதை நின்னா உடம்பு படற அவஸ்தை, மொத்தமும் ஒரே அடியா வந்து ஆளையே புரட்டிப் போட்டுடுமாம். அந்த பாதி வேலை தான் இதுல நல்ல விஷயமும், ஒரு அளவுக்கு மேல டோஸ் ஏத்தினாலும் மூச்சை அமுக்கறது அதுக்கு மேல ஏறாது. கூட மதுவோ தூக்க மாத்திரையோ சேந்தா அந்த பாதுகாப்பு போயிடும், இதை மூணு தடவை சொன்னாங்க.

ஒன்பதரைக்கு மார்க் 14. நாக்குக்கு அடியில 4 மில்லிகிராம். முழுங்கிட்டா கல்லீரலே பாதிக்கு மேல காலி பண்ணிடும்னு கரையற வரைக்கும் வாயத் திறக்க விடல. ஒரு மணி நேரம் கழிச்சு "அக்கா, பசிக்குது"ன்னான். அவன் வாயால இத கேட்டு எத்தனை நாளாச்சு.

ஜனவரி 10

தூக்கம் வரல, அதனால போன வருஷக் கதைய எழுதிடறேன்.

போன வருஷம் ஒரு சென்டர்ல 21 நாள் வெச்சிருந்தோம். மருந்து கிடையாது, பூட்டின கதவு, அட்வைஸ், அவ்ளோ தான். உடம்பு சுத்தமாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பினாங்க, நாங்களும் பிரச்சனை முடிஞ்சதுன்னு நம்பினோம். வீட்டுக்கு வந்த ஒன்பதாவது நாள் ராத்திரி அவன் ரூம்ல இருந்து குறட்டை சத்தம், பெருசா, இழுத்து இழுத்து. பாவம் நல்லா தூங்கறான்னு நெனச்சு நான் கதவ சாத்திட்டு போயிட்டேன். அம்மா தண்ணி வைக்க போனப்ப உதடு நீலமா இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வந்ததால பொழச்சான். அது குறட்டையே இல்ல, மூச்சு அடைபடற சத்தம்னு எனக்கு ஆஸ்பத்திரில தான் தெரிஞ்சது.

21 நாள் எடுக்காம இருந்தா உடம்பு பழைய அளவ மறந்துடும், மனசு மட்டும் மறக்காது. வெளிய வந்து பழைய அளவையே எடுத்தா அது தாங்காது. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஜெயில்ல இருந்து வெளிய வந்தவங்கள வெச்சு 2007ல ஒரு ஆய்வு வந்திருக்கு, முதல் ரெண்டு வாரத்துல ஓவர்டோஸ்ல சாகற ஆபத்து மத்த ஜனங்கள விட 129 மடங்காம். ஜெயிலா சென்டராங்கறது உடம்புக்கு என்ன தெரியும்? எங்க கிட்ட யாராவது இத முன்னாடியே சொல்லியிருந்தா அந்த கதவ நான் சாத்தியிருக்க மாட்டேன்.

ஜனவரி 17

ஓவர்டோஸ் ஆனவங்களுக்கு மூச்ச திரும்பக் கொண்டு வர்ற நாலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே எப்படி அடிக்கறதுன்னு வீட்ல இருக்கறவங்களுக்கு கிளாஸ். பேர் சொல்லி கூப்பிடு, நெஞ்செலும்பு மேல முஷ்டிய வெச்சு அழுத்தி தேய், எழுந்திரிக்கலன்னா ஆம்புலன்ஸுக்கு போன், ஒரு மூக்குல முழுசா ஒரு அடி, மூச்சு இல்லன்னா வாயோட வாய் வெச்சு ஊது, ரெண்டு மூணு நிமிஷத்துல அசைவு இல்லன்னா அடுத்தது. மூச்சு வந்துட்டா ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வை. முக்கியமா, எழுந்து உக்காந்து எனக்கு ஒண்ணும் இல்லன்னு சத்தம் போட்டாலும் தனியா விடக்கூடாது, இதோட வேலை அரை மணில இருந்து ஒன்றரை மணி நேரம் தான், அதுக்கப்புறம் சரக்கு மறுபடி மேல வந்து அமுக்கலாம். அம்மா தலகாணி மேல ஒத்திகை பார்த்தாங்க, ஊதறப்ப அவங்களுக்கே மூச்சு வாங்கிடுச்சு.

அப்பா வரல. "இத வீட்ல வெச்சா அவன் திரும்ப எடுப்பான்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி"ன்னாரு. நான் பதில் சொல்லல, ஹால் அலமாரில கண்ணுல படற மாதிரி வெச்சுட்டேன்.

பிப்ரவரி 2

இந்த கிளினிக்ல எனக்கு பிடிச்சது ஒரே கூரைக்கு கீழ எல்லாம் இருக்கறது தான். மாத்திரை வாங்கற அன்னைக்கே கவுன்சிலர், ரத்தப் பரிசோதனை, வேலை தேட ஒருத்தங்க, வீடு இல்லாதவங்களுக்கு இடம் பாக்க ஒருத்தங்க. அஞ்சு இடத்துக்கு அஞ்சு நாள் அலைய சொன்னா இவன் ரெண்டாவது இடத்துலயே காணாம போயிருப்பான், அது எனக்கு நல்லா தெரியும். ரத்தத்துல ஹெச்ஐவி இல்ல. ஹெபடைடிஸ் சி, கல்லீரலத் தாக்கற வைரஸ், இருக்கு. எனக்கு கை கால் ஓடல, ஆனா டாக்டர் சாதாரணமா, 12 வாரம் மாத்திரை, பெரும்பாலும் முழுசா குணமாயிடும்னாங்க.

ஒண்ணு மட்டும் உறுத்திச்சு. அதே கவுன்ட்டர்ல இன்னும் நிறுத்தாதவங்களுக்கு புது ஊசியும் குடுக்கறாங்க. என்னடா இது, இவங்களே எடுத்துக் குடுக்கறாங்களேன்னு கோவமா வந்துச்சு. அங்க புதுசா வர்றவங்களுக்கு துணையா ஒரு அண்ணன் இருக்காரு, அவரே ஆறு வருஷமா மெத்தடோன்ல (புப்ரனார்ஃபின் மாதிரி போதைக்கு பதிலா குடுக்கற இன்னொரு மருந்து) இருக்கறவர், அவர் கிட்டயே கேட்டுட்டேன். சிரிச்சாரு. "நான் உள்ள வந்ததே ஊசி வாங்கத்தாம்மா. எட்டு மாசம் வாங்கிட்டு பேசாம போயிட்டே இருந்தேன், யாரும் ஒண்ணும் கேக்கல, பேர் சொல்லி நல்லாருக்கியான்னு மட்டும் கேப்பாங்க. ஒன்பதாவது மாசம் நானா வாயத் தொறந்து மருந்து கேட்டேன்." தம்பிக்கு ஹெபடைடிஸ் சி வந்ததே அடுத்தவன் ஊசிலன்னு வீட்டுக்கு போற வழில தான் உறைச்சது.

பிப்ரவரி 20

பெரியப்பா வந்திருந்தாரு. வழக்கமான கேள்வி, "ஒரு போதைய விட்டுட்டு இன்னொரு போதையா, எப்ப நிறுத்துவான்?" இதுக்கு எல்லாரும் சுகர்காரங்க தினமும் மாத்திரை போடற மாதிரி தான்னு உதாரணம் சொல்வாங்க, எனக்கு அது பிடிக்காது, சுகர் வந்தவங்க யாரும் என் கம்மல எடுத்துட்டுப் போய் விக்கல. நான் பாக்கறது வேற கணக்கு. முன்னாடி காலைல கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் காசுக்கு என்ன பண்றது, யார் கிட்ட கிடைக்கும், அடுத்தது எப்பன்னே அவனோட நாள் ஓடிடும். இப்ப காலைல பத்து நிமிஷம் நாக்கடியில மாத்திரை, மிச்ச நாள் அவனோடது. கண்ணு சொருகறதில்ல, பேசினா பதில் வருது.

இது நேத்து முளைச்ச விஷயமும் இல்ல. நியூயார்க்ல டோல், நிஸ்வாண்டர்னு ரெண்டு டாக்டர் மெத்தடோன் குடுத்துப் பாத்து எழுதினது 1965ல. பிரான்ஸ்ல 90கள்ல சாதாரண குடும்ப டாக்டரே புப்ரனார்ஃபின் எழுதலாம்னு விட்டாங்க, 1995ல இருந்து 1999க்குள்ள ஓவர்டோஸ் சாவு 79 சதவீதம் குறைஞ்சது. உலக சுகாதார நிறுவனம் ரெண்டு மருந்தையும் 2005லயே அத்தியாவசிய பட்டியல்ல சேத்துடுச்சு. பெரியப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு "அதெல்லாம் சரி, எப்ப நிறுத்துவான்"ன்னாரு. நான் எழுந்து உள்ள போயிட்டேன்.

மார்ச் 11

எடுத்துட்டான். ஒரு தடவை. அவனே வந்து சொன்னான்.

நான் கத்தினத எழுத வேணாம். ரெண்டு மாசமா அவனுக்கு தெரியாம மாத்திரை எண்ணிட்டிருந்தேன், தூங்கறப்ப போய் மூச்ச பாப்பேன், எல்லாம் வீணான்னு தோணிச்சு. கிளினிக்ல வெளிய போன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டே கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி "முதுகு வலி எப்படி இருக்கு?"

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. இது ஆரம்பிச்சதே விபத்துல முதுகு ஆபரேஷன் ஆகி வலி மாத்திரை எடுத்ததுல தான், மாத்திரைய நிறுத்தினாங்க, வலி நிக்கல, அவன் வெளிய தேட ஆரம்பிச்சான். இத்தனை வருஷத்துல அந்த வலி என்ன ஆச்சுன்னு நான் கூட கேட்டதில்ல. டோஸ 8 மில்லிகிராம்ல இருந்து 16 ஆக்கினாங்க, அதையும் ஒரே வேளையா எடுக்காம மூணா பிரிச்சு எடுத்தா வலிக்கும் கேக்கும்னாங்க, பிசியோதெரபிக்கு எழுதிக் குடுத்தாங்க. திட்டல, லெக்சர் இல்ல. வெளிய அந்த அண்ணன் என்னையும் பிடிச்சுக்கிட்டாரு, மாத்திரை எண்றத நிறுத்துங்கன்னு. எப்படி தெரியும்னேன். எங்கம்மாவும் எண்ணினாங்கன்னாரு.

ஏப்ரல் 6

சின்ன விஷயம் தான், மாத்திரை கரைஞ்சதும் தண்ணிய வாயில கொப்பளிச்சு முழுங்கணும், ஒரு மணி நேரம் கழிச்சு தான் பல் தேய்க்கணும், இல்லன்னா பல் கெட்டுப்போகும். அப்புறம் மலச்சிக்கல். இதெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா முக்கால்வாசி பேர் மருந்த விடறதே இப்படி சின்ன தொல்லைலயோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஏப்ரல் 27

குடும்பத்தாளுங்க க்ரூப்ல நான் இப்ப ரெகுலர். இன்னைக்கு ஏழு மாசக் கர்ப்பிணி ஒரு பொண்ணு வந்திருந்தா, மெத்தடோன்ல இருக்கா. வயித்துப் புள்ளைக்கு விஷம் குடுக்கறன்னு மாமியார் தினமும் குத்துறாங்களாம். நர்ஸ் அந்த மாமியாரையே கூட்டிட்டு வரச் சொன்னாங்க, கர்ப்பத்துல திடீர்னு நிறுத்தறது தான் ஆபத்து, பொறந்த குழந்தைக்கு கொஞ்ச நாள் வித்ட்ராயல் வரலாம், அதுக்கு வைத்தியம் இருக்குன்னு நேர்லயே சொல்றேன்னாங்க.

ஒரு குறை சொல்லியே ஆகணும். மெத்தடோன்காரங்க தினமும் காலைல ஒன்பதுல இருந்து பதினொன்னுக்குள்ள வரணும். எந்த வேலைல தினமும் அந்த நேரத்துக்கு விடுவாங்க? வேலையும் தேடிக் குடுத்துட்டு அந்த வேலைக்கு போக முடியாம நேரமும் வெச்சா எப்படி? கேட்டா பேசிட்டிருக்கோம்ங்கறாங்க. பேசட்டும், நான் வாராவாரம் கேக்கப் போறேன்.

மே 19

ஹெபடைடிஸ் மாத்திரை முடிஞ்சாச்சு, 12 வாரம் கழிச்சு ஒரு டெஸ்ட், அதுல வைரஸ் இல்லன்னா குணம். தம்பி அரை நாள் வேலைக்கு போறான். எரிச்சல்படறான், சண்டை போடறான், நேத்து என் சார்ஜர எடுத்துட்டுப் போயி திட்டு வாங்கினான். நான் எண்றது குறைஞ்சிருக்கு, நின்னுடுச்சுன்னு சொன்னா பொய்.

ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். ஹால்ல லைட் எரியுது. அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு அலமாரி கிட்ட நின்னு அந்த ஸ்ப்ரே டப்பாவ திருப்பித் திருப்பி பாத்துட்டிருந்தாரு. என்னப்பான்னேன். "இதுல தேதி எங்க போட்டிருக்கான், எழுத்து பொடியா இருக்கு"ன்னாரு. காட்டினேன். பேனா எடுத்து டப்பா மேலயே பெருசா எழுதி, இருந்த இடத்துலயே வெச்சுட்டு படுக்கப் போயிட்டாரு.