உறைக்குள் ஒரு கல்

சென்ற மாதம் ரங்கூனிலிருந்து செய்தி வந்தது: நம் கெமிஸ்ட்ரி சார் காலமாகிவிட்டார். 1963 இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்குச் சாக்பீஸ் தூள் படிந்த அந்தக் கைலியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அன்று பள்ளி இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பர்மாவின் மின்பு ஊரில் குமிழியிடும் சேற்று எரிமலைகளைப் பற்றியும், அங்கே கசியும் மீத்தேனைப் பற்றியும் சார் பாடம் நடத்தினார். அரக்கான் கரையோரத்து ரம்ரி, சடுபா தீவுகளிலும் அவை உண்டு என்றார். நான் எழுந்தேன். "கடலுக்கு அடியில் கசிந்தால் அந்த வாயு எங்கே சார் போகும்?"

வெகுநேரம் யோசித்தார். "எனக்குத் தெரியாதப்பா" என்றார். இன்ஸ்பெக்டர் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஏதோ குறித்தார். யாரோ சிரிக்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சார் திரும்பி, ஏற்கெனவே அழித்திருந்த கரும்பலகையை மறுபடி அழித்தார்.

மறு ஆண்டு கடைகள் அரசுடைமையாயின. அப்பாவின் கடையும் போயிற்று, கப்பலேறினோம். சார் அங்கேயே இருந்துவிட்டார். நான் மண்ணியல் படித்ததற்கு அவருடைய அந்தத் "தெரியாது"தான் காரணம்.

அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் ஹைட்ரேட் ரிட்ஜ் என்னும் கடலடி மேட்டுச் சேற்றில், ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களும் அவற்றைச் சூழ்ந்த பாக்டீரியாவும் கூட்டாக வாழ்வதை 2000 ஆம் ஆண்டில் கடல் ஆய்வாளர் ஆன்ட்யே போயேட்டியஸ் குழுவினர் எழுதினார்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில், கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு இவை மீத்தேனைத் தின்கின்றன. பைகார்பனேட்டும் சல்பைடும் மிஞ்சுகின்றன. பைகார்பனேட் பெருகப் பெருகக் காரத்தன்மை உயர்ந்து, கால்சியத்தோடு கூடிச் சுண்ணக் கல்லாகப் படிகிறது. சல்பைடு இரும்போடு சேர்ந்தால் பைரைட். கடலடிச் சேற்றில் உருவாகும் மீத்தேனில் பெரும்பங்கு கடல்நீரை எட்டுவதே இல்லை, சார்!

கனடாவில் வேலை பார்த்தபோது அப்படி ஒரு கல்லை என் கையால் அறுத்தேன். அழுகிய முட்டை நாற்றம். சிப்பி ஓடுகளை இறுக்கிப் பிடித்திருந்த சாம்பல் நிறக் கல். பிளவுகளில் அரகோனைட் என்னும் சுண்ணக் கனிமத்தின் வெள்ளை ஊசிகள் விசிறியாக விரிந்திருந்தன. நடுநடுவே மிளகுத்தூள் தூவியதுபோல் பைரைட். அதன் கார்பனை அளந்தபோது எடை குறைந்த கார்பன்-12 வழக்கத்தைவிட மிகுதி. மீத்தேனின் முத்திரை அது.

நகத்தளவு துண்டைப் பஞ்சில் சுற்றி, உறைமேல் சாரின் முகவரியை எழுதினேன். கடிதத்தில் வாயு எங்கே போகிறது என்பதை இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். சிரித்ததைப் பற்றி எழுத வரவில்லை. எழுதிவிட்டு அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன். உறை இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.