மழைத் தண்ணி கலந்த பால்

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகப் போன வருடம் மூன்று மாதம் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்தேன். வேலையும் கூடவே வந்தது. அணுக்கரு இணைவு ஆய்வுக்காக, பிளாஸ்மா என்னும் மிகச் சூடான மின்னேறிய வாயுவைக் காந்தப்புலத்தில் அடைத்து வைக்கும் கருவி டோக்காமாக். எங்களுடையது இருப்பது கடலுக்கு அப்பால். தரவு மட்டும் இரவில் சமையலறை மேசைக்கு வந்துவிடும்.

நான் பார்ப்பது பிளாஸ்மாவின் விளிம்பை. 1982-இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் டோக்காமாக்கில் கண்டுபிடித்த, வெப்பம் நன்றாகத் தங்கும் எச்-மோட் நிலையில், விளிம்பில் ஒரு தடுப்பு எழும்பி வெப்பத்தை உள்ளே நிறுத்தும். அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் விளிம்பு உடைந்து கொட்டும். அதுதான் எல்ம். ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். அப்போது அடர்த்தி எப்படிக் கொந்தளிக்கிறது என்று பார்க்க, வேகமான டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) அணுக்களைக் கற்றையாக உள்ளே விடுவோம். அவை மோதி ஒளிரும். அடர்த்தி ஆடினால் ஒளியும் ஆடும். விநாடிக்கு 10 லட்சம் தடவை பதிவாகும்.

எல்ம் வரும்போதெல்லாம் கொந்தளிப்பு பல மடங்கு கூடுவதாக ஒரு வரைபடம் போட்டேன். சந்தோஷத்தில் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதை அப்பாவிடம் காட்டினேன். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த வெளிச்சம் எல்லாமே நீங்க விட்ட கத்தையில இருந்துதான் வருதாம்மா?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். "சீவி முடிச்சதும் மழை புடிச்சிக்கும். பால் வடியுற மங்குல தண்ணி ஏறிடும். ஸ்டோர்ல பாலோட கெட்டிய அளக்குற மெட்ரோலாக்க மிதக்க விட்டுப் பாத்துட்டு, உன் பால் தண்ணியா இருக்குன்னு கணக்கெழுதுற கிராணி சம்பளத்துல கை வைப்பாரு. மரம் என்ன பண்ணும்?"

எனக்குச் சுருக்கென்றது. எல்மின்போது விளிம்பே பளிச்சென்று எரியும். அதில் கொஞ்சம், கற்றையின் ஒளியை மட்டும் விட வேண்டிய வடிகட்டியைத் தாண்டி உள்ளே வரும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கழிக்காமல் விட்டிருந்தேன். கற்றையை நிறுத்தியிருந்த இடைவெளிகளைத் தேடி எடுத்தேன். கற்றையே இல்லாதபோதும் எல்முக்கு எல்ம் அதே துள்ளல்! அதுவும் விளிம்பின் வெவ்வேறு இடங்களைப் பார்க்கும் எல்லாச் சேனல்களிலும் ஒரே கணத்தில். உண்மையான சுழல் என்றால் ஒரு சேனலில் தெரிந்து, சில மைக்ரோ விநாடி கழித்துத்தான் அடுத்ததில் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு எல்மையும் தனித்தனியாக வெட்டி, அடுத்தது வெடிப்பதற்கு முந்தைய அமைதியான பகுதியை மட்டும் சேர்த்தேன். ஆட்டம் சிறியதுதான். ஆனால் சேனல் சேனலாக வரிசையாக நகர்ந்து போனது.

முதல் படம் தப்பு என்று குழுவுக்கு எழுதிப் புதியதை அனுப்பினேன். வெடிக்கும் அந்த நேரத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த சோதனையில் கற்றையை இன்னும் அடிக்கடி நிறுத்தி விடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.