அரக்கின் அடியில் ஒட்டியிருக்கும் சொற்கள்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆலோசனைக் குறிப்புகள் (நிர்வாகக் குழுவின் கூட்டப் பதிவுகள்) கட்டிய தொகுதிகளாக வரும். அவை எழுத்தர்கள் படியெடுத்தவை. செய்தி இருக்கும், மடிப்பும் முத்திரையும் இருக்காது. மடித்து, அரக்கு வைத்து, கைமாறிப் போன மூலக் கடிதத்தைத் தொடும்போது வரும் மகிழ்ச்சியே வேறு.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் தனி உறை அபூர்வம். தாளையே உறையாக மடித்து, ஒரு முனையை மற்றதற்குள் செருகி, இடையில் அரக்கை உருக்கி விட்டு முத்திரை குத்துவார்கள். நம் நாட்டு மரங்களில் பூச்சி சுரக்கும் கொம்பரக்குதான் அதற்கு அடிப்படை. சிவப்புக்குச் சாதிலிங்கம் சேரும். கடிதத்தைப் பிரிக்கும்போது அரக்கு தாளைப் பிய்த்துக்கொண்டு வரும். ஓட்டை விழுந்த இடத்தில் இரண்டு மூன்று சொற்கள் காணாமல் போகும். ஆனால் பிய்ந்த துண்டு பெரும்பாலும் எதிர் மடிப்பில் அரக்கின்மேல் அப்படியே இருக்கும். ஒட்டியது தாளின் வெளிப்புறம் என்பதால், எழுதிய உட்புறம் மேலே தெரியும். உருப்பெருக்கியை வைத்துப் படித்து அந்தச் சொற்களை வரியில் சேர்த்துவிடலாம். இந்த வேலையில் இதைவிடப் பெரிய இன்பம் இல்லை.

முத்திரையைப் படிக்க மேல்விளக்கை அணைத்துவிட்டு, சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். ஒளியைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினால், தேய்ந்த சின்னமும் எழுத்தும் நிழலில் எழும்பி வரும்.

கைகளைச் சோப்பால் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். சானிடைசர் கூடவே கூடாது. கொம்பரக்கு ஆல்கஹாலில் கரையும். பருத்திக் கையுறையும் வேண்டாம், பிசிறான ஓரம் அதில் மாட்டிக் கிழியும். முத்திரையுள்ள கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேட்டில் பாரம் ஏறி அரக்கு வெடிக்கும். முத்திரை அளவுக்குக் குழி வெட்டிய நுரைத் தகட்டில் தனித்தனியாக வையுங்கள். உதிர்ந்த துணுக்கையும் எறியாமல், கடிதத்தின் எண்ணையே இட்ட காகித உறையில் போட்டு வையுங்கள்.

மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த மை தாளைத் தின்றுவிடும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு படர்ந்திருந்தால் ஈரப்பசை தடவாதீர்கள். நீரில் இரும்பு கரைந்து பரவி, நல்ல இடத்தையும் கெடுக்கும்.

நவாபு தர்பாரின் பாரசீகக் கடிதங்களில் இருப்பது மை முத்திரை. அதில் பெயர், பட்டங்களோடு பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கும். அதைக் கடிதத்தின் ஆண்டு என்று அட்டவணையில் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது முத்திரை செதுக்கிய காலத்தைச் சேர்ந்தது. புதுப் பட்டம் கிடைத்தால் புது முத்திரை செய்துகொள்வார்கள். தேதியில்லாத கடிதத்தில் 1163 என்று இருந்தால், ஹிஜ்ரி 1163 பிறந்தது 1749 டிசம்பரில். கடிதம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. எத்தனை ஆண்டு பிந்தையது என்பதை உள்ளே வரும் பெயர்களையும் பதவிகளையும் வைத்துத்தான் நெருங்க வேண்டும்.