வாய் வறட்சி: வார்டு நாட்குறிப்பு

மார்ச் 4

புதிதாக வந்திருக்கும் அம்மாவுக்கு வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்து நன்றாகக் கேட்கிறது, வலி அடங்கியிருக்கிறது. குறிப்பேட்டில் வேறு தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி விடுபடுகிற சத்தம் கேட்டது. "வாய் காயுதாம்மா?" என்றேன். "எப்பவும்தான் காயுது. இதுக்கெல்லாம் போய் டாக்டரைத் தொந்தரவு பண்ணணுமா?" என்றார்.

வலியையும் மூச்சுத்திணறலையும் தாமாகச் சொல்கிறவர்கள்கூட இதைச் சொல்வதில்லை. கேட்டால்தான் வருகிறது. நோயாளியின் தொந்தரவுகளைக் கேட்டுக் குறிக்கும் ஐபாஸ் படிவத்தில் வாய்ப்புண், வறட்சி இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி உண்டு, 0 முதல் 4 வரை குறிக்கலாம், தொந்தரவு கூடக் கூட எண் கூடும். அதே மாதிரியான இன்னொன்றான எட்மண்டன் படிவத்தில் அதற்கென்று வரி கிடையாது. 'பிற தொந்தரவு' என்ற இடத்தில் நாமே எழுதினால்தான் உண்டு.

மார்ச் 5

அம்மாவின் பல்செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். செட்டைக் கழற்றாமல் பார்த்தால் பாதி வாய் மறைந்துவிடும். வாயைப் பார்த்து வறட்சியை மதிப்பிடும் சாலகோம்ப் அளவுகோலில் பத்து அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி கன்னத்தின் உட்பக்கத்திலும் நாக்கிலும் ஒட்டியது. உமிழ்நீர் நுரையாக இருந்தது, நாக்கின் அடியில் தேங்கவே இல்லை. அண்ணத்தில் உணவுத் துணுக்குகள். மொத்தம் 5, நடுத்தர வறட்சி. கன்னத்தின் உள்ளே துடைத்தால் வரக்கூடிய வெள்ளைப் படிவும் இருந்தது. பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

இன்று நேர் எதிர். அடுத்த அறை ஐயாவின் வாய் பார்வைக்கு ஈரமாக இருக்கிறது, கண்ணாடி ஒட்டவில்லை. அவரோ ஐபாஸ் வரியில் நாலுக்கு நாலு என்கிறார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: அவர் காய்கிறது என்றால் காய்கிறதுதான். உமிழ்நீர் குறைவதும் வறட்சியை உணர்வதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. ஓய்வில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் அல்லது அதற்கும் கீழே சுரந்தால் குறைவு என்பார்கள். ஆனால் இவ்வளவு சோர்ந்தவரைக் கிண்ணத்தில் துப்பச் சொல்லி அளக்க எனக்கு மனமில்லை. அளந்தாலும் அவருக்குச் செய்யப்போவது மாறாது. கேட்டதையும் பார்த்ததையும் தனித்தனியாக எழுதினேன்.

அப்புறம் எண்ணை விட்டுவிட்டு, "இதனால எது முடியாமப் போகுது ஐயா?" என்று கேட்டேன். ராத்திரி நாலைந்து முறை வாய் காய்ந்து எழுகிறாராம். பேரனோடு போனில் நீளமாகப் பேச முடியவில்லையாம். இனி சிகிச்சை பலித்ததா என்று பார்க்க வேண்டிய இடம் இந்த இரண்டும்தான்.

மார்ச் 10

ஐயாவின் மருந்துப் பட்டியல்: மார்பின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், அரிப்புக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஃபுரோசமைடு. நான்குமே வாயைக் காயவைக்கக்கூடியவை. அரிப்பு நின்று வெகுநாளாகிறது, அந்த மாத்திரை மட்டும் தொடர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் நிறுத்தினார்.

மார்ச் 13

ஐயா நேற்று இரவு ஒரே தடவைதான் எழுந்தாராம். ஐபாஸ் மதிப்பெண் 3.

மார்ச் 14

கடைசி நாட்களில் இருக்கும் ஒருவர். பேச்சு இல்லை, வாய் திறந்தபடி மூச்சு. "டிரிப் போட்டா வாய் நனையுமா சிஸ்டர்?" என்றார் மகள். வாயால் மூச்சு விடுவதால் வரும் வறட்சி டிரிப்பால் தீர்வது அரிது என்று விளக்கினேன். இவரிடம் கேட்க முடியாது, பார்க்கத்தான் முடியும்: உதட்டில் வெடிப்பு, நாக்கில் படிவு, தொடும்போது முகம் சுளிக்கிறாரா என்பது. மென்மையான பிரஷ்ஷை நனைத்து, நன்றாக உதறிவிட்டு ஈரப்படுத்தக் காட்டிக்கொடுத்தேன். தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது, புரையேறும். மகளே செய்கிறேன் என்றார். ஒவ்வொரு தடவையும் பார்த்ததை எழுத, கட்டில் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறோம்.