பாய்மரத்தை நிறுத்தும் கயிறுகள்

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது வடமராட்சியில் படித்த யாருக்கும் புதுக்கதை அல்ல. இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் என்று பெருமையாகச் சொல்லிவிடுவோம். அந்த மரம் எப்படி நிற்கிறது என்று வெளிநாட்டில் பிறந்த பிள்ளை கேட்டால்தான் முழிப்போம். பாய்ப்படகுப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களோடு வீட்டுக்கு வருகிறார்கள். ஆகவே தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெரிய மரக்கப்பலில் பாய்மரம் மேல்தளத்தோடு நின்றுவிடுவதில்லை. தளத்துத் துளை வழியே இறங்கி, கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவின் மேல் கிடக்கும் கட்டையில் வெட்டிய குழிக்குள் அதன் அடி பொருந்தும். அந்தக் குழி ‘ஸ்டெப்’. தளத்துளையைச் சுற்றி உரம் கொடுத்த பலகைகள் ‘பார்ட்னர்ஸ்’. துளைக்கும் மரத்துக்கும் இடையே ஆப்பு அடித்து, மேலே கித்தான் சுற்றித் தார் பூசுவார்கள். கித்தான் கிழிந்தால் மழைத்தண்ணீர் மரத்தோடு வழிந்து குழியில் தேங்கும். உப்புத்தண்ணீரை மரம் தாங்கும். உக்க வைப்பது மழைத்தண்ணீர்தான். மேலே எண்ணெய் பூசிப் பளபளக்கும் மரம் அடியில் உக்கிப் போயிருக்கும்.

குழியும் ஆப்பும் மரத்தை இடத்தில் வைக்கும், அவ்வளவுதான். காற்றின் பாரத்தைச் சுமப்பது கயிறுகள். இரு பக்கமும் இழுத்துப் பிடிப்பவை ‘ஷ்ரவுட்’, முன்னால் போவது ‘ஸ்டே’, பின்னால் ‘பேக்ஸ்டே’. ஷ்ரவுட்டின் குறுக்கே படிபடியாகக் கட்டிய சிறு கயிறுகள் ‘ராட்லைன்’. அதில் ஏறித்தான், பாய் கட்டும் குறுக்குமரமான பருமலுக்குப் போவார்கள். ஷ்ரவுட்டின் கீழ்நுனியில் மூன்று துளையுள்ள வட்டக்கட்டை ஒன்று. கப்பலின் பக்கத்தில் அதற்குச் சோடி. இரண்டுக்கும் இடையே மெல்லிய கயிற்றை மாறி மாறிக் கோத்து இறுக்குவார்கள். நார்க்கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும்; ஆகவே இது ஒருநாளில் முடிகிற வேலை அல்ல. பாயில் ஓடும்போது காற்று வராத பக்கத்து ஷ்ரவுட் தொய்வது இயல்பு. அதைக் கண்டு பயந்து அந்தப் பக்கத்தை முழுக்க இறுக்கினால், கப்பல் திரும்பியதும் மரம் ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும்.

மதுரைக்காஞ்சியில் புயலில் அகப்பட்ட நாவாய் ஒன்று வருகிறது. முதலில் வலிய கயிறு அறுகிறது, பிறகு பாய் கிழிகிறது, பிறகு கூம்பு, அதாவது பாய்மரம், அடியோடு முறிகிறது. கடலறிந்தவர் சொல்லும் வரிசை அது.

உயரமான கப்பலுக்கு ஒற்றை மரம் போதாது. அடிமரத்தின் தலையோடு மேல்மரத்தின் அடி சிறிது தூரம் ஒட்டி நிற்கும். மேல்மரத்தின் அடியில் குறுக்கே செருகிய முளை, ‘ஃபிட்’, அதன் பாரத்தைத் தாங்கும். புயலுக்கு முன் மேல்மரத்தை இறக்க வேண்டுமானால், கயிற்றால் அதைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் முளை கழலும். மேல்மரத்துப் பாய்தான் காவிப்பாய். பருமலை ஏற்றும் கயிறு ஆஞ்சான், ஆங்கிலத்தில் ‘ஹால்யார்ட்’. பாயின் கீழ்முனையை இழுக்கும் தாமான் அவர்களுக்கு ‘ஷீட்’.

இரண்டு மரத்திலும் பருமல் போட்டுக் குறுக்குப்பாய் கட்டினால் ‘பிரிக்’. முன்மரத்தில் மட்டுமென்றால் ‘பிரிகன்டைன்’.

இன்றைய படகுகளில் மரத்தை நிறுத்துவது நார்க்கயிறு அல்ல, துருப்பிடிக்காத எஃகுக்கம்பி. அதுவும் பெரும்பாலும் முனையில்தான் அறும். கம்பியை வெறுங்கையால் தடவ வேண்டாம். பருத்தித் துணியால் மேலிருந்து கீழ்வரை துடைக்கச் சொல்லுங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். மாட்டினால் அந்தக் கம்பியை மாற்றாமல் பாய் ஏற்றக்கூடாது.