கம்பில் இரும்பு தேடிய வருடங்கள்

கம்பில் புதிய ரகங்கள் உருவாக்கும் வேலையில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டேன். வறட்சி தாங்கும் செடியைக் கண்டுபிடிக்க வயலுக்குப் போனால் போதும். பூக்கிற சமயத்தில் மழை பொய்த்த வருடம், எந்தக் கதிரில் மணி பிடித்திருக்கிறது, எது சொங்கு என்று கண்ணே சொல்லிவிடும். இரும்புச்சத்து அப்படி இல்லை, சத்து நிறைந்த கதிரும் இல்லாத கதிரும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கும்.

சரி, அளந்து பார்க்கலாம் என்றால் அதிலும் கவனம் வேண்டும். மணியில் இருக்கும் இரும்பு கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான், மண்ணில் இருப்பதோ அதைப் போல நூறு மடங்குக்கும் மேல், அதனால் மணியில் ஒட்டிய கொஞ்சம் தூசியே கணக்கைப் பொய்யாக்கிவிடும். ஆரம்பத்தில் ஒரு பருவம் கதிர்களை மண் களத்தில் கொட்டிக் காயவைத்துவிட்டோம். முடிவுகள் பிரமாதமாக வந்தன, அலுமினியத்தையும் அளந்து பார்க்கும்வரை. மணியில் அலுமினியம் மிகக் குறைவு, அது கூடியிருந்தால் மண் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பருவத்து உழைப்பு போயிற்று. அப்புறம் கதிரை அறுத்ததும் துணிப்பையில் போட்டு, தரையில் படாமல் கையாலேயே மணி உதிர்த்தோம்.

வறள்நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் உருவாக்கிய, இரும்பு கூடிய தனசக்தி என்ற கம்பு ரகம் 2012இல் மகாராஷ்டிரத்திலும் 2013இல் நாடு முழுவதற்கும் வெளியானபோது எங்களுக்கெல்லாம் பெரிய தெம்பு. விவசாயிகள் ஏற்கெனவே பயிரிட்டுவந்த ஐசிடிபி 8203 ரகத்துக்குள்ளேயே இரும்பு கூடிய செடிகளைப் பொறுக்கிச் சேர்த்து, கிலோவுக்கு 71 மில்லிகிராம் வரை கொண்டுவந்தார்கள். 2018இல், புதிய கம்பு ரகம் என்றால் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும் 32 மில்லிகிராம் துத்தநாகமும் இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. விளைச்சலை மட்டுமே எடை போட்ட துறையில் இது நடந்தது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

ஆனாலும் சத்தைச் சொல்லி விதையைக் கொடுத்துவிட முடியாது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் காட்டில், எங்கள் சோதனை ரகத்தைப் பற்றி நான் அரை மணி நேரம் விளக்கியதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி கேட்டார், "இரும்பு இருக்கட்டும் தாயி, தட்டைய மாடு திங்குமா?" அன்றிலிருந்து ஒவ்வொரு ரகத்திலும் தட்டையின் தரத்தையும் சேர்த்தே பார்க்கிறேன். அடுத்த புரட்டாசியில் போனபோது, விதைக்கென்று தனியே எடுத்து வைத்திருந்த எங்கள் கம்பைக் குலுக்கையிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினார். மாடு மிச்சம் வைக்காமல் தின்றதாம்.